கர்ணன் வழக்கில் பாஞ்சாலியையும் சாட்சிக்கு அழையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புப் பாடசாலைகளின் தமிழ் மன்ற விழாக்களிலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்க மண்டபங்களிலும் வழக்காடு மன்றத்துக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. கம்பன் விழாக்கள் நமக்குப் பழக்கிவிட்ட வடிவம் இது. கைகேயி, கும்பகருணன், வீடணன், கர்ணன், கண்ணகி என்று காப்பிய மாந்தரை எதிரிக்கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றஞ்சாட்ட, எதிர்வாதியாக ஒருவர் மறுக்க, நடுவர் தீர்ப்புச் சொல்வார். பிள்ளைகள் மூலநூலைத் தாமாகவே எடுத்துப் புரட்டுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்த அக்கறையினால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த மேடைகளில் ஒரே வாதம் திரும்பத் திரும்ப வெல்கிறது. ‘இவன் பிறந்த நாள் முதல் அவமானப்பட்டவன், அன்பு கிடைக்காதவன், ஏமாற்றப்பட்டவன், ஆகவே குற்றவாளி அல்லன்’ என்பார்கள். முற்பகுதி பெரும்பாலும் உண்மை, அதை நூலிலிருந்தே காட்டலாம். பிற்பகுதி மட்டும் அதிலிருந்து தானாக வந்துவிடாது. ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று விளங்கிக்கொள்வது ஒரு வேலை. செய்தது சரியா, பொறுக்கத் தக்கதா என்று தீர்ப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றாகிவிட்டால் காயப்பட்டவர் மேடையிலிருந்து மறைந்துபோகிறார்.

நீதிமன்ற வடிவத்தைக் கடன் வாங்கிய நாம் நீதிமன்றம் கவனமாகப் பிரித்து வைத்திருக்கும் படிகளை வாங்க மறந்துவிட்டோம். நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 77ஆம் பிரிவு, செயலைச் செய்த வேளையில் சித்த சுவாதீனமின்மையால் அச்செயலின் தன்மையையோ, அது பிழையானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாதிருந்தவரின் செயலைக் குற்றமே அல்ல என்கிறது. இது முதற்படி. 294ஆம் பிரிவின் முதலாவது விதிவிலக்கு வேறு மாதிரி. பாரதூரமான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் தன்னடக்கத்தை இழந்து ஒருவர் கொன்றுவிட்டால், கொலைக் குற்றம் ஒரு தரம் இறங்கிக் கொலையாக அமையாத மனிதக் கொலையாகும். தரம் இறங்குமே தவிர விடுதலை கிடைக்காது. மூன்றாவது, தணிப்புக் காரணம். வளர்ந்த சூழல், வறுமை, வயது, வருத்தம் ஆகியவை இங்கேதான் வரும். குற்றத் தீர்ப்புக்குப் பிறகு, தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது மட்டும் அவை பேசப்படும். நான்காவது மன்னிப்பு. அது நீதவானின் கையில் இல்லை, பாதிக்கப்பட்டவரிடம் இருக்கிறது.

நம் மேடைகளில் மூன்றாம் படிக்குரிய சான்றைக் காட்டி முதற்படிக்குரிய தீர்ப்பைக் கேட்கிறார்கள். குழப்பம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான்.

கர்ணன் வழக்கையே எடுத்துக்கொள்வோம், அதிகம் நடப்பது அதுதான். முதற் பிழை குற்றச்சாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ‘கர்ணன் குற்றவாளியா?’ என்று தலைப்பு வைக்கிறார்கள். ஒரு மனிதனின் முழு வாழ்வையும் எந்த மன்றத்தாலும் விசாரிக்க இயலாது. செயலைத்தான் விசாரிக்கலாம். ‘சூதாட்ட மண்டபத்தில், விகர்ணன் எழுந்து மறுத்துப் பேசிய பின்னரும், பாஞ்சாலியின் ஆடையைக் களையும்படி சொன்னமை’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பாதிக்கப்பட்டவர் இருக்கிறார், வினை இருக்கிறது. துரோணர் சொன்ன உபாயப்படி அபிமன்யுவின் வில்லை அறுத்தது தனிக் குற்றச்சாட்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், எதிர்வாதி இலகுவானதைப் பிடித்துக்கொண்டு கடினமானதை விட்டுவிடுவார். அநேகமாக விடப்படுவது பாஞ்சாலியின் வழக்குத்தான்.

அடுத்தது பாடக் கலப்பு. வியாச பாரதக் கர்ணன், வில்லிபுத்தூரார் பாடிய கர்ணன், பாரதியின் பாஞ்சாலி சபதத்துக் கர்ணன், 1964இல் வந்த திரைப்படத்தின் கர்ணன் ஆகிய நால்வரும் ஒரே ஆள் அல்லர். திரைப்படத்தின் கண்ணீரை எடுத்து வியாசரின் சபைக்குள் வைத்துப் பேசினால், எந்த நூலிலும் இல்லாத ஐந்தாவது கர்ணன் ஒருவன் பிறந்துவிடுவான். வழக்கு எந்த நூலின்மேல் நடக்கிறது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் காட்டலாம். சுயம்வரத்தில் ‘சூதனை வரிக்கமாட்டேன்’ என்று பாஞ்சாலி அவமதித்தாள், அதற்கான பதிலே சபையில் நடந்தது என்று எதிர்வாதி சொல்லாத கர்ணன் வழக்கு அரிது. பூனாவிலுள்ள பண்டார்கர் நிறுவனம் ஏடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட மகாபாரதச் செம்பதிப்பின் மூலப்பாடத்தில் அந்த வாக்கியம் கிடையாது. சில ஏடுகளில் மட்டும் காணப்படும் பிற்சேர்க்கை என்று அதைத் தள்ளியிருக்கிறார்கள். சரி, அவள் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம். தன் கணவன் யாரென்று தேர்ந்துகொள்ளும் அரங்கில் ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றதைப் பாரதூரமான ஆத்திரமூட்டல் என்று எந்த நடுவர் ஏற்பார்? சுயம்வரத்துக்கும் சூதுக்கும் இடையே இந்திரப்பிரத்தம் எழுந்திருக்கிறது, இராசசூயம் நடந்திருக்கிறது. திடீரென்ற ஆத்திரம் என்று சொல்லவும் வழியில்லை. நாட்பட்டுச் சேர்ந்த ஆத்திரத்தையும் நமது நீதிமன்றங்கள் சில வழக்குகளில் கருத்திற் கொண்டதுண்டு. அங்கும் அந்த ஆத்திரத்தை மூட்டியவர் இன்னார் என்று காட்டியாக வேண்டும். கர்ணனை ஆற்றில் விட்டவள் பாஞ்சாலி அல்லள். ஆயுத அரங்கில் குலம் கேட்டவர் கிருபர், எள்ளியவன் வீமன். பிள்ளையை அடையாளம் கண்டும் அங்கே வாய்திறவாதிருந்தவள் குந்தி. இவை அத்தனையும் உண்மையான காயங்கள். அவற்றுக்கான வஞ்சத்தை, அவற்றில் எதையுமே செய்யாத ஒருத்திமேல் தீர்த்துக்கொண்டான் என்பதே குற்றச்சாட்டின் உயிர். எதிர்வாதி தன் கட்சிக்காரனின் துயரத்தை விரித்துச் சொல்லச் சொல்ல இந்த இடைவெளிதான் பெரிதாகிறது.

செஞ்சோற்றுக்கடன் என்பது மற்றொரு பெரிய வாதம். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான், மானத்தைக் கொடுத்தான், அவன் சொல்லைத் தட்ட முடியுமா என்பார்கள். இதற்கு மறுமொழி அதே சபையில் நிற்கிறது. விகர்ணன் துரியோதனனின் உடன்பிறந்த தம்பி. அவனுக்கு இருந்த கடன் கர்ணனுக்கு இருந்ததைவிடக் குறைந்ததன்று. அவனே எழுந்து, இது அறமன்று என்றான். பின்னர் போரிலும் அண்ணன் பக்கம் நின்று, வீமன் கையால் மடிந்தான். கடனைக் கழிப்பதும் அநீதியைச் சுட்டிக்காட்டுவதும் ஒரே மனிதனுக்கு இயலும் என்பதற்கு நூலே வைத்த சான்று அவன். கம்பனிடத்தில் கும்பகருணன் செய்ததும் அதுவே. சீதையைக் கவர்ந்தது பிழை என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போனான். ‘வேறு வழி இருந்ததா?’ என்ற கேள்விக்கு விடை தேடும்போது, அதே இடத்தில், அதே நெருக்கடியில், வேறு விதமாக நடந்துகொண்ட ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். பெருங்காப்பியங்களில் அநேகமாக இருப்பார்.

பிறகு வருத்தம். கர்ணன் வருந்தினான் என்பது சரி. உத்தியோக பருவத்தில் கண்ணன் அவனைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னபோது, துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்மேல் சுடுசொற்கள் சொன்னதை நினைத்து இன்று வேகிறேன் என்கிறான். மாணவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், மகிழ்ச்சி. இன்னும் ஒரு வரி கூர்ந்து படிக்கச் சொல்லுங்கள். பாண்டவர்மேல் சொன்ன சொற்கள் என்கிறான். பாஞ்சாலியின் பெயர் அங்கே வரவில்லை. சொன்னது கண்ணனிடம், தனிமையில். வருத்தத்தை எடைபோடும்போது எதற்காக வருந்தினான், யாரிடம் சொன்னான், சொன்ன பின் என்ன மாற்றினான் என்று மூன்றும் கேட்க வேண்டும். குந்திக்கு வாக்களித்தபடி அருச்சுனன் தவிர்ந்த நால்வரையும் கொல்லாது விட்டான். கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்தான். பெருமைக்குரிய செயல்கள் அவை, தணிப்புக் காரணங்களில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவரிடம் பட்ட கடனை இன்னொருவருக்குத் தானம் கொடுத்துத் தீர்க்க முடியாது.

பாஞ்சாலியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று தலைப்பிட்டது இதனால்தான். கர்ணன் வழக்கில் குந்தி சாட்சியாக வருகிறாள், துரியோதனன் வருகிறான், கண்ணன் வருகிறான். பாஞ்சாலியை எவரும் அழைப்பதில்லை. அவள் சபையில் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: தன்னைத் தோற்ற பின் என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு உரிமை ஏது? மன்றத்தில் அது வாசிக்கப்பட்டாலே போதும், வழக்கு வேறு பாதையில் போகும்.

கைகேயியின் வழக்கு இதைவிட நுட்பமானது. எதிர்வாதிக்குக் கம்பனே வலிமையான ஆயுதம் தருகிறான். தூய சிந்தை திரிந்ததற்கு இமையோர் மாயை, அவர் பெற்ற வரம், அந்தணர் தவம் என்று காரணங்களை அடுக்குகிறான். கூனி வந்து முடிசூட்டுச் செய்தி சொன்னதும் முதலில் மகிழ்ந்து மாலை பரிசளித்தவள் அவள். ஆகவே சுயபுத்தியில் செய்யவில்லை, முதற்படியிலேயே விடுதலை கொடுங்கள் என்று கேட்கலாம். நல்ல வாதம்தான். குற்றஞ்சாட்டுபவர் இதற்கு மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் நின்று மல்லுக்கட்டக் கூடாது. அடுத்த படலத்துக்கு, கைகேயி சூழ்வினைப் படலத்துக்கு வர வேண்டும். தயரதன் அவள் காலில் விழுந்து மன்றாடி, ‘மண்ணே கொள் நீ, மற்றையது ஒன்றும் மற’ என்கிறான். ஆட்சி உன் மகனுக்கே, இராமனைக் காட்டுக்கு மட்டும் அனுப்பாதே என்பது பொருள். மகனுக்கு அரசு வேண்டும் என்ற ஆசை, மாற்றாள் மகனின்கீழ் வாழ நேருமே என்ற அச்சம் இரண்டும் இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும். அப்போதும் அவள் இறங்கவில்லை. அச்சத்தால் செய்தாள் என்ற விளக்கம் முதல் வரத்தைத் தாங்கும். இரண்டாவது வரத்தை அது தாங்காது.

இதே வழக்கில் மன்னிப்புப் பற்றியும் மிக அரிய பாடம் இருக்கிறது, யுத்த காண்டத்து மீட்சிப் படலத்தில். விண்ணிலிருந்து வந்த தயரதன் வரம் கேள் என்றபோது, தீயவள் என்று நீ துறந்த என் தெய்வமும் அவள் மகனும் எனக்குத் தாயும் தம்பியும் ஆக வேண்டும் என்று இராமன் கேட்கிறான். பரதனைத் தயரதன் உடனே ஏற்கிறான். கைகேயியை ஏற்க அவனுக்கு மனம் வரவில்லை. பிழை என்னுடையது, அவளுடையதன்று என்று இராமன் மேலும் பேசிய பிறகுதான் சினம் தணிகிறது. கேட்டவன் காடு சென்றவன். தயங்கியவன் உயிர் விட்டவன். இருவருக்குமே அதற்கு உரிமை உண்டு. ஒருவர் மன்னித்ததால் மற்றவரும் உடனே மன்னித்தாக வேண்டும் என்று கம்பன் வற்புறுத்தவில்லை. நம் நடுவர்கள் ‘இராமனே மன்னித்த பின் நாம் யார்?’ என்று முடித்துவிடுகிறார்கள். தயரதனின் அந்தத் தயக்கத்தையும் சேர்த்துப் படித்தால் அப்படி முடிக்க முடியாது.

கண்ணகியை இங்கே சொல்லத் தயங்குவோர் உண்டு. வழிபடும் தெய்வத்தைக் கூண்டில் ஏற்றலாமா என்ற மனவருத்தம் நியாயமானது. அவள் கோயில் விழாவுக்குக் கயவாகு மன்னன் இலங்கையிலிருந்து சென்றான் என்கிறது சிலப்பதிகாரம். மட்டக்களப்புப் பக்கத்தில் கண்ணகை அம்மன் சடங்கு, அவள் சினத்தைத் தணிக்கும் குளிர்த்தியோடு நிறைவுறுகிறது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். இவ்வளவு பக்திக்கு நடுவிலும் அவள் சினத்தை எவரும் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சினம் இருந்தது என்று ஏற்பதால்தான் அதைக் குளிர்விக்கிறோம். கூண்டு என்ற சொல்லை விட்டுவிட்டு ஆய்வரங்கமாக நடத்தினால் எவர் மனமும் நோகாது.

சட்டப் படிகளை மாணவருக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முதலாவது, சித்த சுவாதீனம். துயரத்தில் நிலைகுலைந்தவள், என்ன செய்கிறோம் என்று அறியாமல் செய்தாள் என்று சொல்ல முடியுமா? வஞ்சின மாலையில் தீக்கடவுள் வந்து, இங்கே யார் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுத் தீத்திறத்தார் பக்கம் சேர்க என்கிறாள். யாரை விடுவது, யாரைச் சுடுவது என்று வகுத்துச் சொன்னவள் செயலின் தன்மையை அறிந்தே சொன்னாள். 77ஆம் பிரிவு இங்கே பொருந்தாது. இரண்டாவது, ஆத்திரமூட்டல். பாரதூரமானதா? அதைவிடப் பாரதூரமானது எது? திடீரென்றதா? ஆம், ஒரே நாளில் நடந்தது. ஆனாலும் அந்த விதிவிலக்கு, ஆத்திரமூட்டியவரையோ, தவறுதலாக அல்லது விபத்தாக வேறொருவரையோ கொன்ற சந்தர்ப்பத்துக்கு மட்டுமே உரியது. நெடுஞ்செழியன் வழக்குரை காதையிலேயே வீழ்ந்துவிட்டான். தீ பிடித்தது அதற்குப் பின்னர், நகரத்தை. தரம் இறங்கும் வழியும் அடைபடுகிறது. மிஞ்சுவது தணிப்புக் காரணம். அது மலைபோல் இருக்கிறது.

நம் மரபு இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. மணிமேகலையின் வஞ்சி மாநகர் புக்க காதையில், பத்தினித் தெய்வமாகி நிற்கும் கண்ணகியே தன் வாயால், ‘சீற்றம் கொண்டு செழுநகர் சிதைத்தேன்’ என்கிறாள். நல்வினையால் விண்ணுலகு சேர்ந்தோம், அது தீர்ந்த பின் அந்த அடுசினப் பாவம் வந்தே தீரும் என்றும் மகள் முறையான மணிமேகலைக்குச் சொல்கிறாள். சிலம்பில் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி பழவினையை எடுத்துரைப்பது தீ மூண்ட பின். மணிமேகலையிலோ, அதைக் கேட்ட பின்னும் சிதைத்தேன் என்று கண்ணகி சொல்கிறாள். இரண்டு நூல்களையும் கலக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். தெய்வமாக உயர்ந்த பின்னும் செய்ததைச் செய்ததாகச் சொல்லும் இந்தக் கண்ணகியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் அறிமுகப்படுத்த வேண்டும்.

பாண்டியனைப் பாருங்கள். அவனுக்குச் சாக்குகள் தாராளமாக இருந்தன. பொற்கொல்லன் பொய் சொன்னான். தேவி ஊடியிருந்தாள், அவளைத் தணிக்கும் அவசரத்தில் இருந்தான். ‘வினைவிளை காலம்’ என்று இளங்கோவே ஊழின்மேல் பாரத்தை இறக்கி வைக்கிறார். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் இவற்றில் ஒன்றையாவது அவன் எடுத்துப் பேசினானா? ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்றான். காரணங்களைச் சொன்னவர் புலவர். பொறுப்பை ஏற்றவன் மன்னன். ஊழைக் காட்டி விடுதலை கேட்கும் எல்லா எதிர்வாதங்களுக்கும் இந்த ஒரு காட்சி போதும்.

கோவலன் கொலைக்களக் காதையில் செய்ததும் அத்தகையது. வறுமொழியாளரோடும் வம்பப் பரத்தரோடும் கூடித் திரிந்ததைத் தன் பிழையாக எண்ணுகிறான். பெற்றோர் ஏவலைத் தவறினேன், உனக்கும் சிறுமை செய்தேன் என்று கண்ணகியிடமே சொல்கிறான். கர்ணன் கண்ணனிடம் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் ஒப்பிட்டு எழுதினால் நல்ல கட்டுரை கிடைக்கும். அவளுடைய மறுமொழி அதைவிட மேலானது: ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’. நல்லோர் போற்றாத ஒழுக்கத்தைச் செய்தீர் என்று முதலில் சொல்கிறாள், உடன் எழுந்து வந்ததன் காரணத்தை அதன் பின்னர்தான் சொல்கிறாள். ஏற்றுக்கொண்டவள் பிழையைப் பிழை என்று பெயரிட்டே ஏற்றுக்கொண்டாள்.

மனநோயை எதிர்வாதமாக்கும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. தற்காலச் சிறுகதை, நாடகப் பாத்திரங்கள் மீதான வழக்குகளில் ‘அவனுக்கு மனநோய், அதனால் அடித்தான்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். மனநோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் எவரையும் தாக்குவதில்லை. மனநல மருத்துவமனை இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் நம் நகரில், சிகிச்சைக்குப் போகவே ஒரு குடும்பம் அஞ்சுகிறது. இந்த வாதம் அந்த அச்சத்தை வளர்க்கும். நூலில் நோயின் அறிகுறி எங்கே காட்டப்படுகிறது, அந்தச் செயல் நடந்த வேளையில் அது அறிவை மறைத்ததா என்று இரண்டையும் பக்கம் சொல்லிக் காட்டட்டும். கோபக்காரன், குடிப்பவன், சந்தேகப்படுபவன் என்பன நோய்ப் பெயர்கள் அல்ல.

மாலைத் தொலைக்காட்சித் தொடர்களையும் இதில் சேர்க்கலாம். நாயகன் கன்னத்தில் அறைகிறான், பின்தொடர்ந்து மிரட்டுகிறான். இரண்டு நாட்களில் அவன் சிறுவயதுத் துயரம் இசையோடு காட்டப்படுகிறது, நாயகி கண்கலங்குகிறாள். உயர்தர வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். காயப்படுத்தியவனின் கடந்த காலத்துக்கு எத்தனை காட்சி, காயப்பட்டவளின் மறுநாளுக்கு எத்தனை காட்சி என்று ஒரு வாரம் குறித்து வரச் சொல்லுங்கள். கதை எவர் பக்கம் சாய்ந்து நம் மனத்தைச் சாய்க்கிறது என்பது தாளிலேயே தெரியும். தன்மைக் கூற்றில் எழுதிய நாவலென்றால் இன்னும் கவனம் வேண்டும், அங்கே கதை சொல்பவரே எதிரிக்கூண்டில் நிற்பவர். அவர் தன் வலியை ஐந்து பக்கத்துக்குச் சொல்லிவிட்டுத் தான் செய்ததை அரை வரியில் கடந்தால், அந்த அரை வரியில் நின்று கேள்வி கேட்க வேண்டும்.

இதெல்லாம் கற்பனை மாந்தரைப் பற்றியதுதானே என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. ‘பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ’ என்று சொல்லி அடியைப் பொறுக்கச் சொல்லும் பேச்சு நம் வீடுகளில் இருக்கிறது. மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவி அதையே அலங்காரத் தமிழில், கைதட்டலோடு கேட்டுவிட்டுப் போகிறாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், பின்னர் 12 மாதங்கள் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். அடிப்பவரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு முடித்த பிறகுதான் அடிபடுபவரைக் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மகளிர் உதவி இலக்கம் 1938, உளநல உதவி இலக்கம் 1926. இரண்டையும் நிகழ்ச்சி நிரலின் அடியில் அச்சிடுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

ஏற்பாட்டாளர்களுக்குச் சில நடைமுறை வேண்டுகோள்கள். நூல், காண்டம், படலம் அல்லது காதை, பாதிக்கப்பட்டவர் பெயர் ஆகியவற்றோடு குற்றச்சாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதி, இரண்டு வாரம் முன்னதாக இரு தரப்புக்கும் கொடுங்கள். எட்டு நிமிடப் பேச்சில் முதல் நிமிடம் செயலுக்கு. அடுத்த இரண்டு நிமிடம், அவர் எதை அறிந்திருந்தார், யார் எச்சரித்தார் என்பதற்கு. இரண்டு நிமிடம், வேறு வழி இருந்ததா என்பதற்கு. கடந்த காலத் துயரத்துக்கு இரண்டு நிமிடம் போதும். கடைசி நிமிடம் பாதிக்கப்பட்டவரின் சொற்களுக்கு, மூலத்தில் உள்ளபடியே. துயரத்தை முதலில் வைத்தால் பேச்சு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும், அநேகப் பேச்சுகள் கெடுவது இப்படித்தான். எந்தப் படியில் நின்று வாதாடுகிறார் என்பதை எதிர்வாதி தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். நடுவே மாறினால் புள்ளி குறையுங்கள். நல்ல எதிர்வாதியை இது ஒன்றும் கட்டிப்போடாது. ‘என் கட்சிக்காரர் செய்தார், பிழைதான், ஆனால் தண்டனையை நிறுக்கும்போது இவற்றைப் பாருங்கள்’ என்று தொடங்கும் பேச்சுக்கு, முழு விடுதலை கேட்கும் பேச்சைவிட அதிக உழைப்பும் நூலறிவும் தேவை. அதற்கே கூடுதல் புள்ளி கொடுங்கள்.

நடுவரின் தீர்ப்பும் ஒரு சொல்லில் முடியக் கூடாது. செயல் நிரூபணமானதா, அறிந்து செய்ததா, தணிப்புக் காரணங்கள் எவை, பாதிக்கப்பட்டவர் என்ன சொன்னார் என்று நான்கையும் தனித்தனியே வாசிக்கட்டும். மன்னிப்பை நடுவர் வழங்கக் கூடாது, அது அவருடையதன்று. சபையோரின் கையுயர்த்தல் வேண்டுமென்றால் தீர்ப்புக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். முன்னால் வைத்தால் குரல் வளமுள்ளவர் வெல்வார்.

தங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய நிகழ்ச்சிகளின் செய்தியை ‘கர்ணன் குற்றவாளி அல்லன் எனத் தீர்ப்பு’ என்ற தலைப்போடு வெளியிடுகிறீர்கள். விசாரிக்கப்பட்ட குற்றச்சாட்டு எது, எந்த நூலின்படி என்பதைச் செய்தியின் முதற் பந்தியிலேயே சேர்த்து அச்சிடுங்கள். அது செய்தியில் வரும் என்று தெரிந்தால் ஏற்பாட்டாளர்களும் அதை ஒழுங்காக எழுதத் தொடங்குவார்கள்.

இங்ஙனம்,
தமிழ் இலக்கிய ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.